வாளைக்குலை

பங்குனியில் ஒருநாள் தராசுத் தட்டில் விழுந்தது போன்.
கீறலும் இல்லை, தப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன்.
அடுத்த நாள் விடிய, சுன்னாகம் சந்தை விலையைத்
தோட்டக்காரருக்கு அனுப்ப இருந்தபோது தெரிந்தது,
கீழே வலப்பக்க மூலையில்
ஒரு சுண்டுவிரல் நகமளவுக்குத்
திரை செத்துக் கிடந்தது.
அந்த இடத்தில் இருந்தது ழ.

அன்று நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போன செய்தி:
வாளைக்குலை கிலோ எளுபது.
மரவள்ளிக் கிளங்கு தொண்ணூறு.
மளை வரும்போல கிடக்கு, வெங்காயத்தை மூடுங்கோ.

ஏழாலை அருளம்பலத்தார் உடனே கேட்டார்:
"பிள்ளை, எப்ப தொடக்கம் மீன் விக்கிறியள்?"
வாளைக்கு ஏது குலை என்று வேறொருவர்.
அதற்குக் கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள்
இறங்கிக்கொண்டே போயின.

சாதாரண தரத்தில் தமிழுக்கு ஏ எடுத்தவள் நான்.
யாரோ அனுப்பிய திருமண வாழ்த்திலிருந்து
ஒரு ழ-வைப் பிடித்து நகலெடுத்து
தேவைப்பட்ட இடமெல்லாம் ஒட்டிப் பார்த்தேன்.
நாலு நாள்.
அதற்குள் லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான்.
வாயால் சொன்னால் அதுவே எழுதுமாம்.
எழுதியது.
பக்கத்து ஏலக்காரனின் தூஷணத்தையும் சேர்த்து.

பிறகு விட்டுவிட்டேன்.
அவர்களும் பழகிவிட்டார்கள்.
அருளம்பலத்தாரின் போனில் ஒரு குறையும் இல்லை,
ஆனாலும் எனக்கு எழுதும்போது மட்டும்
தேடிப் பார்த்து ள போடுகிறார்:
"ஏளாலையில மளை இல்லைப் பிள்ளை.
கிணறும் வத்துது."
அது பகிடியா மரியாதையா
இன்னும் எனக்கு விளங்கவில்லை.

போன கிழமை மகளின் கொப்பி வந்தது.
சொல்வதெழுதலில் மளை, பளம், வாளை
மூன்றுக்கும் சிவப்பு வட்டம்.
"வீட்டில யார் இப்பிடி எழுதுறது?" என்று
ரீச்சர் கேட்டாவாம்.
மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.
போனைத்தான் காட்டிக் கொடுத்தாளாம்.

கஸ்தூரியார் வீதி.
குளிரூட்டிய கடை, நிரூபன் என்று பெயர் குத்திய பெடியன்.
"நூற்றெட்டு மெகாபிக்சல் அக்கா."
கத்தரிக்காய்ப் புழுவின் முகத்தை
அவ்வளவு வடிவாகப் பார்த்து நான் என்ன செய்ய?
திரையை மட்டும் மாத்தலாமோ என்று கேட்டேன்.
"அந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறேல்லை"
என்றான், மொடலைப் பார்க்காமலே.

எண்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.
தவணை என்றால் மாதம் ஏழாயிரத்து அறுநூற்று நாற்பது.
என் பழசுக்கு நாலாயிரம் கழிப்பானாம்.
ஏழு, பழசு, கழிவு.
என்னிடம் இல்லாத எழுத்தில்தான்
அவன் முழு வியாபாரமும் நடந்தது.

சம்பளம் முப்பத்தெட்டு.
மோட்டர்சைக்கிள் லீசிங் பதினொன்று.
மிச்சத்தை மனதுக்குள் கழித்துக்கொண்டே
காட்சிக்கு வைத்த போனை எடுத்தேன்.
சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.
மூலையைத் தொட்டேன். ழ.
இன்னொருக்கால். ழ.
ழழழழழழழழழழ
வெட்கம் கெட்டு ஒரு வரி முழுக்க.
பெடியன் எட்டிப் பார்த்தான்.
"கீபோட் ஸ்மூத் என்ன, அக்கா?"

தவணைப் படிவம் தந்தான், கூடவே ஒரு பேனை.
முகவரி: சுழிபுரம் மேற்கு.
எத்தனை மாதமாய்ச் சுளிபுரத்தில் குடியிருந்திருக்கிறேன்!
பேனைக்கு எந்த மூலையும் சாகவில்லை,
ஒரே இழுப்பில் வளைந்து கீழே சுழித்து நின்றது.
கையொப்பம் என்ற கோட்டுக்கு வந்தபோது
பழைய போன் அதிர்ந்தது.

"பிள்ளை, நாளைக்கு வாளை என்ன போகும்?
நாப்பது குலை வெட்டலாமோ?"

படிவத்தை நாலாய் மடித்து
பில் கொப்பிக்குள் செருகினேன்.
"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி."
வாசலில் நின்று அவருக்குப் பதில் எழுதினேன்:
எளுபத்தைஞ்சு. விடிய ஐஞ்சுக்கு முன்னம் வாங்கோ.